வெள்ளைச் சட்டையில் துருக்கறை: குத்தம் வாஷிங் மிஷின் மேலயா, போர் தண்ணி மேலயா?

உப்புக்காத்து | உச்சிப்புளி

எல்லாருக்கும் வணக்கம். பையனோட ஸ்கூல் யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டை. மிஷின்ல போட்டு எடுத்தா அங்கங்க மிளகு சைஸ்ல பழுப்புப் புள்ளி. காலர், பாக்கெட் ஓரம், முதுகு, இன்ன இடம்னு கணக்கே இல்ல. அது போக மொத்தத் துணியும் மஞ்சள் பூத்துக் கிடக்கு. மிஷின் டாப் லோடு, ஃபுல்லி ஆட்டோமேட்டிக், வாரண்டி முடிஞ்சாச்சு. துவைக்கிறது வீட்டு போர் தண்ணியில. காவிரித் தண்ணி குடத்துல பிடிச்சு குடிக்க, சமைக்க மட்டும்.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துட்டு, "டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேடம், துருப்பிடிக்காது, உங்க தண்ணி சரியில்ல"ன்னுட்டு விசிட் சார்ஜ் வாங்கிட்டுப் போயிட்டார். வீட்டுக்காரர் புது மிஷின் வாங்கிடலாம்ங்கிறார். மாமியார், கல்லுல அடிச்சுத் துவைச்ச காலத்துல இந்தப் பாடு உண்டாங்கிறாங்க. மிஷினை மாத்துறதுக்கு முன்னாடி விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

பாம்பன்காரன்

அக்கா, நம்ம பாம்பன் ரயில் பாலத்தையே அரிச்ச காத்துக்கு உங்க மிஷின் எம்மாத்திரம்? 1914ல ரயில் விட்ட பாலம், 2022 டிசம்பர்ல துரு முத்திப்போச்சுன்னு ரயிலை நிப்பாட்டுனாக. 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் திறந்தாக, அதுல துருவைத் தாங்குற கம்பி, விசேஷப் பெயிண்டுன்னு எம்புட்டோ செலவு. மிஷினோட பின்பக்கத் தகரத்தைப் பாருங்க, பொரிஞ்சு போயிருக்கும். கச்சான் காத்து அடிக்கிற பக்கம் வச்சிருந்தா கேக்கவே வேணாம்.

ஸ்பேனர் | ராமநாதபுரம்

மிஷின் வேலை பாக்குறவன்கிற முறையில சொல்றேன். பாம்பன் அண்ணே சொல்ற பின்பக்கத் தகரம் துருப்பிடிச்சா மிஷின் அசிங்கமாத் தெரியும், தரையில துருக்கோடு விழும், அவ்வளவுதான். துணிக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. துணி கிடக்கிற டிரம் தனி, அதைச் சுத்தித் தண்ணி நிக்கிற வெளித்தொட்டி தனி, வெளியில தெரியிற பாடி தனி.

அக்கா வீட்டுக்கு வந்தவர் சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு. ஸ்டெயின்லெஸ்னா துருவே பிடிக்காதுன்னு அர்த்தம் இல்ல. பல மிஷின்ல டிரம் 430 கிரேடு தகடு. நல்ல பாத்திரம் செய்யிற 304 அளவுக்கு அது உப்பைத் தாங்காது. நம்ம பக்கம் போர் தண்ணியில உப்பு எவ்வளவுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. துவைச்சு முடிச்சு ஈரத்தோட மூடியை மூடி வச்சா, வெல்டு ஓரத்துல பொடிப்பொடியா குழி விழுந்து பழுப்பு ஏறும்.

ஆனா நான் அடிக்கடி பாக்குறது இது இல்ல. பாக்கெட்ல இருந்து விழுந்த ஊக்கு, ஹேர்பின், ஆணி, உள்ளாடைக் கம்பி, இதெல்லாம் டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவுல நழுவிப் போய் உக்காந்துக்கும். கிடந்து ஊறி துருவைக் கக்கும். அடுத்தது, அடியில சுத்துற பல்சேட்டரைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ. கம்பெனில வர்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இடையில யாராவது கழட்டி மாட்டும்போது தொலைச்சுட்டு கடையில கிடைச்ச இரும்பு ஸ்க்ரூவைப் போட்டிருந்தா, முடிஞ்சது கதை.

இன்னொண்ணு, டிரம் சுத்துற அச்சுல தண்ணி இறங்காமத் தடுக்கிற ரப்பர் சீல் போறது. சீல் போனா தண்ணி பேரிங்குக்குள்ள இறங்கும். ஸ்பின் ஓடும்போது கடகடன்னு சத்தம் வரும், துருவும் கிரீஸும் கலந்து கசியும். அந்தக் கறை புள்ளியா இருக்காது, இழுவி விட்ட மாதிரி இருக்கும், விரல்ல தேய்ச்சா பிசுக்கும். எலுமிச்சம்பழம் போட்டாலும் போகாது. அதுல இருக்கிற எண்ணெய்க்கு முதல்ல பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டுத் தேய்க்கணும், மிச்சத்தை அப்புறம் பாக்கணும்.

அக்கா, உங்க மிஷின் ஸ்பின்ல சத்தம் போடுதா?

உப்புக்காத்து

சத்தமெல்லாம் இல்ல தம்பி. புள்ளி பிசுக்கவும் இல்ல, காஞ்ச கறைதான்.

கீழக்கரை லாத்தா

உப்புக்காத்து, ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. அந்தப் புள்ளி எல்லாமே தனித்தனியா இருக்கா, இல்ல சிலது ஜோடி ஜோடியா இருக்கா? சட்டையோட அடி ஓரத்துலயும் தோள்லயும் தேடுங்க.

எங்க வீட்ல ஜும்ஆவுக்குப் போடுற வெள்ளை ஜுப்பா அத்தனையும் இப்படித்தான் பாழாப் போச்சு. மிஷின், மிஷின்டு திட்டிக்கிட்டு இருந்தோம். கடைசில பாத்தா கொடியில மாட்டுற கிளிப்பு. கிளிப்போட ஸ்பிரிங் இரும்பு. மொட்டைமாடி உப்புக் காத்துல ஒரு மழைக்காலம் தாங்காது. ஈரத்துணியில கவ்வின இடத்துல இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. கொடி ஜி.ஐ. கம்பியா (துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி) இருந்தா துணி மடிஞ்சு தொங்குற இடத்துல நேர்கோடா விழும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியும் உறை வெடிச்ச இடத்துல அதே வேலையைத்தான் செய்யும்.

உப்புக்காத்து

லாத்தா, இப்பதான் எடுத்துப் பார்த்தேன்! ரெண்டு சட்டையில அடி ஓரத்துல ஜோடிப் புள்ளி இருக்கு, முன்பக்கம் ஒண்ணு, திருப்பினா அதே இடத்துல பின்பக்கம் ஒண்ணு. ஆனா காலர்லயும் முதுகுலயும் இருக்கிறது தனித்தனிப் புள்ளி. அங்க நான் கிளிப்பே போடுறதில்ல. மொத்தமா மஞ்சளா இருக்கிறதுக்கும் கிளிப்பைச் சொல்ல முடியாதே?

வேதிவாத்தியார் | தொண்டி

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் தண்ணீர்தான் என்று தோன்றுகிறது. பள்ளியில் வேதியியல் நடத்தியவன், கொஞ்சம் நீளமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தடியில் காற்றுப் படாத ஆழத்தில் இரும்பு ஃபெரஸ் வடிவில் கரைந்திருக்கும். மோட்டார் போட்டதும் வரும் தண்ணீர் நிறமில்லாமல் தெளிவாகவே இருக்கும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் அது ஃபெரிக் ஆக மாறி, கரையாத செம்பழுப்புத் தூளாகப் படியும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் அளவைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை தெரிய ஆரம்பிக்கும். சோப்புத்தூள் காரத்தன்மை உடையது. காரம் கூடக் கூட இந்த மாற்றம் வேகமாக நடக்கும். மிஷின் வேறு தண்ணீரைக் காற்றோடு கலக்கிக் கலக்கி அடிக்கிறது. ஆக, தொட்டியில் நடக்க வேண்டிய படிவு உங்கள் பையனின் சட்டை மேலேயே நடக்கிறது. அழுக்குப் போகவில்லை என்று சிலர் சலவைச் சோடாவைக் கூடுதலாகப் போடுவார்கள். இரும்புத் தண்ணீரில் அது கறையைத்தான் கூட்டும்.

தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. கொய்யா இலையைக் கசக்கி ஒரு டம்ளர் போர் தண்ணீரில் போடுங்கள். இலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் தண்ணீர் கருநீலமாகக் கறுக்கும். தேயிலை டிகாக்‌ஷன் விட்டாலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே சங்கதிதான். சரியான அளவு வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். ஆனால் எப்படிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சும்மா பாட்டிலில் பிடித்து வைத்தால் இரும்பு பாட்டில் சுவரிலேயே படிந்துவிடும், கணக்குக் குறைத்துக் காட்டும்.

மிஷினா, தண்ணீரா, கொடியா என்ற வழக்கைத் தீர்க்க மூன்று துண்டு பழைய வெள்ளைத் துணி போதும். ஒன்றை போர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கையால் துவைத்து, நிழலில் நாற்காலி மேல் காயப்போடுங்கள். இரண்டாவதை மிஷினில், ஆனால் காவிரித் தண்ணீரை ஊற்றித் துவைத்து, அதே மாதிரி காயப்போடுங்கள். மூன்றாவதை மிஷின் பக்கமே கொண்டுபோகாமல், காவிரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொடியில் கிளிப் போட்டு விடுங்கள். எது கறைபடுகிறதோ அதற்குக் காரணமானவன் அகப்பட்டான்.

உப்புக்காத்து

மிஷினுக்குள்ள காவிரித் தண்ணி குடம் குடமா ஊத்தணும்னா மாமியார் என்னை வீட்டை விட்டே அனுப்பிடுவாங்க சார் 😄 குறைஞ்ச வாட்டர் லெவல் வச்சுப் பார்க்கிறேன்.

லாட்ஜ் கணக்கு | ராமேஸ்வரம்

இதே தலைவலி இங்கயும். யாத்ரீகர் வர்ற லாட்ஜ், எல்லா பெட்ஷீட்டும் வெள்ளை. தீர்த்தமாடிட்டு ஈரத்தோட வந்து உக்கார்றது ஒரு பக்கம், போர் தண்ணி ஒரு பக்கம். சலவை பாக்குற ஆளு ஷீட் வெளுக்கட்டும்னு மிஷின்லயே ப்ளீச்சிங் பவுடரைப் போடுறார். போடப் போட ஷீட் செம்மஞ்சளா மாறுது. பவுடர் கலப்படமோன்னு ரெண்டு கடை மாத்திப் பார்த்தாச்சு.

வேதிவாத்தியார்

பவுடர் நல்ல பவுடர்தான், அதனால்தான் இவ்வளவு சிவக்கிறது. குளோரின் இரும்பைச் சட்டென்று ஃபெரிக் ஆக்கிவிடும். துணியில் ஏற்கெனவே இருக்கும் துருக்கறையை ப்ளீச் நீக்காது, இன்னும் அழுத்திப் பிடிக்க வைக்கும். "ஆக்சிஜன் ப்ளீச்" என்று வரும் பொடிகளும் துருவுக்கு உதவாது. இரும்பு பட்ட இடத்தில் பருத்தி நூலை அரித்து ஓட்டை விழவும் செய்யும்.

அதே குளோரினைத் தொட்டியில் போட்டால் கதை வேறு. முந்தின இரவே தொட்டித் தண்ணீரில் அளவாகக் கலந்து விட்டால் இரும்பு அங்கேயே படிந்துவிடும். மறுநாள் மேல்தண்ணீரை மணல் ஃபில்டர் வழியாக எடுத்துத் துவையுங்கள். பெரிய அளவில் துவைக்கும் உங்களுக்கு இதுதான் கட்டுப்படியாகும்.

பெரியபட்டினம் மச்சான்

எதுக்கு இம்புட்டுப் பாடு? ஹார்டுவேர் கடையில ஆக்ஸாலிக் ஆசிட் பொடி கிடைக்கும். தண்ணியில கலக்கி சட்டையை முக்குனா துரு ஓடிப்போகும். மிஷினுக்கு பாத்ரூம் ஆசிட் ஒரு பாட்டிலை ஊத்தி ஓட விடுங்க, பளபளன்னு ஆயிரும். பக்கத்து வீட்ல அப்படித்தேன் செஞ்சாக.

ஸ்பேனர்

மச்சான், அந்தப் பக்கத்து வீட்டு மிஷினுக்குச் சீக்கிரமே என்னை மாதிரி ஒருத்தனைக் கூப்பிடுவாங்க. பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அதை விடப் பெரிய எதிரி கிடையாது. அன்னைக்குப் பளபளக்கும், அப்புறம் டிரம் பூராவும் குழி விழுந்து அதுவே துரு கக்கும்.

கீழக்கரை லாத்தா

ஆக்ஸாலிக் வேணவே வேணாம். பிள்ளைங்க நடமாடுற வீடு. எங்க உம்மா காலத்துல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, கல் உப்பைத் தூவி, கறை மேல வச்சு வெயில்ல போடுவாஹ. காயக் காய இன்னும் கொஞ்சம் சாறு விடணும். பிலிம்பிக்காய் மரம் இருந்தா காயை வெட்டித் தேய்ச்சாலும் போகும்.

வேதிவாத்தியார்

லாத்தா சொல்லும் பிலிம்பிக்காயில் இருப்பதும் பெரும்பாலும் ஆக்ஸாலிக் அமிலம்தான். காயில் கொஞ்சமாக இருக்கிறது, கடைப் பொடியில் முழுசாக இருக்கிறது, அதுதான் வித்தியாசம். மச்சான் சொன்னது வேலை செய்யும் என்பது உண்மை. துருவைக் கரைத்துத் தண்ணீரோடு போகவைப்பதில் சிட்ரிக்கை விட அது கெட்டிக்காரன். ஆனால் விஷம், சிறுநீரகத்தைப் பாதிக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் கையுறை, பிளாஸ்டிக் பேசின், திறந்த இடம், ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், அப்புறம் நிறையத் தண்ணீரில் அலசல். மிஷினுக்குள் போடக்கூடாது. கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

முதலில் எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டைப் பாருங்கள். ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி. கறைபட்ட சட்டையை ஊறவைத்து, கறை வெளிறியதும் அலசி, தேவைப்பட்டால் மறுபடி. கலர் துணி என்றால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறை இருக்கும்போது இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் ஏறிப்போகும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: எந்த அமிலத்தையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். லாட்ஜ்காரர் தன் சலவை ஆளிடம் இதை நேரிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சாயல்குடி பனை

குறுக்கே வர்றேன். பழுப்புக் கறை எல்லாம் துரு இல்லைங்க. இளநீர் சிந்தினது அப்ப தெரியாது, துவைச்சதுக்கு அப்புறம் பழுப்பா எந்திரிக்கும். வாழைக்கறையும் அப்படித்தான். பையன் ஸ்கூல் விட்டு வர்ற வழியில இளநீர் குடிக்கிறானான்னு கேளுங்க.

உப்புக்காத்து

அவன் குடிக்கிறதெல்லாம் பாக்கெட் ஜூஸ் 🙂

சரி, வாத்தியார் சார் சொன்ன மூணு துணிச் சோதனை முடிஞ்சது. கொய்யா இலையும் போட்டேன், தண்ணி மை மாதிரி ஆயிடுச்சு, மாமியாரே அசந்துட்டாங்க.

போர் தண்ணியில கையால துவைச்ச துணி: லேசான மஞ்சள், புள்ளி ஒண்ணு கூட இல்ல. மிஷின்ல காவிரித் தண்ணி ஊத்தித் துவைச்சது: மஞ்சள் இல்ல, ஆனா தனித்தனியா பழுப்புப் புள்ளி இருக்கு. கொடியில கிளிப் போட்டது: கிளிப் கவ்வின இடத்துல ஜோடிப் புள்ளி. ஆக, மூணு பேரும் திருடன்தான்!

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், புது மிஷின் வாங்கியிருந்தா மஞ்சளும் ஜோடிப் புள்ளியும் அப்படியேதான் இருந்திருக்கும்னு. பதில் சொல்லாம மாடிக்குப் போய் கிளிப்பை எல்லாம் எண்ணிட்டு வந்தார்.

ஸ்பேனர்

சபாஷ் அக்கா. காவிரித் தண்ணியிலயும் தனிப் புள்ளி வருதுன்னா தொட்டிக்குள்ள ஏதோ இருக்கு. ரெண்டுல ஒண்ணு: இரும்புச் சாமான் மாட்டிக்கிட்டிருக்கு, இல்லைன்னா இத்தனை நாள் போர் தண்ணியில வந்த இரும்பு, சோப்பு மண்டியோட சேர்ந்து வெளித்தொட்டி உள்சுவர்ல அடையா ஒட்டியிருக்கு. ஸ்பின் வேகத்துல செதில் செதிலா உரிஞ்சு டிரம் ஓட்டை வழியா துணியில ஒட்டும். பல்சேட்டரைக் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க, பெரிய வேலை இல்ல. கழட்டும்போது கரண்ட் பிளக்கைப் பிடுங்கிடணும்.

தண்ணி வர்ற ஹோஸ் மிஷின்ல சேர்ற இடத்துல ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும். பைப்பை மூடிட்டு ஹோஸைக் கழட்டி, பிளையர்ல மெதுவா இழுத்தா வரும். அதுல பழுப்புக் கொழகொழன்னு இருந்தா டேங்கையே கழுவணும்.

உப்புக்காத்து

ஆள் வந்து கழட்டியாச்சு. பல்சேட்டர் ஸ்க்ரூ நல்லாத்தான் இருக்கு. அடியில ஒரு ஊக்கு, பாதி கரைஞ்சு நூல் கணக்கா மெலிஞ்சு கிடந்துச்சு, தொட்டவுடனே ஒடிஞ்சு போச்சு. ஆனா பெரிய கூத்து சுவர்லதான். விரலால சுரண்டினா வழவழன்னு செம்மண் நிறத்துல ஒரு பட்டை வருது. மேல காஞ்ச செதில், உள்ளுக்குள்ள ஈரம், குளத்துச் சேறு வாசம். வலை ஃபில்டர் முழுக்க அதே பழுப்பு.

ஸ்பேனர்

அதேதான். கைக்கு எட்டுற வரைக்கும் மெத்துனு பிரஷ் வச்சுத் தேய்ச்சு எடுத்துடுங்க, ஸ்டீல் நார் போடாதீங்க. அப்புறம் துணி இல்லாம மிஷின்ல சுடுதண்ணி நிரப்பி, கால் கிலோ சிட்ரிக் போட்டு, கொஞ்சம் ஓட விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வடிச்சு ரெண்டு தடவை வெறும் தண்ணியில அலசுங்க. முதல் வடிப்பு டீ கலர்ல போகும், பயப்படாதீங்க. மாசம் ஒருக்கா கொஞ்சமாப் போட்டு இதைச் செய்யலாம், அதுக்கு மேல வேண்டாம், ரப்பர் சாமான் கெட்டுப்போகும். துவைச்சு முடிச்சதும் டிரம் உள்பக்கத்தைத் துடைச்சு மூடியைத் திறந்தே வைங்க. எலி பயம் இருந்தா ஒரு வலைத்துணியைப் போடுங்க.

வேதிவாத்தியார்

மிஷின் சுத்தமானாலும் தண்ணீர் அப்படியே இருந்தால் மறுபடி அடைதான் சேரும். மாடித் தொட்டியில் சிறு மாற்றம் செய்யுங்கள். மோட்டார் குழாயின் முனையை மூடி, பக்கங்களில் பொடி ஓட்டைகள் போட்டால் தண்ணீர் தூறலாக விழும், காற்று நன்றாகக் கலக்கும். இரவே ஏற்றிவிட்டுக் காலையில் துவையுங்கள். மிஷினுக்குப் போகும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். அடியில் சேறு வெளியேற ஒரு வால்வு தனியாக. இதற்கும் அடங்காவிட்டால் மணல் ஃபில்டர். உப்புத்தண்ணீருக்கு என்று விற்கும் சாஃப்ட்னரை இதற்காக வாங்க வேண்டாம், இரும்புச் சேறு அதன் உள்ளே இருக்கும் ரெசின் மணிகளை அடைத்துவிடும்.

வெள்ளைத் துணிக்குக் கடைசி அலசலை மட்டும் மழைத்தண்ணீரிலோ காவிரித் தண்ணீரிலோ வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

லாட்ஜ் கணக்கு

சார், எங்க தொட்டியில குளோரின் போட்டுப் பார்த்தோம். காலையில அடியில ரெண்டு விரக்கடை செங்கல் நிறத்துல சேறு! மேல்தண்ணியில துவைச்ச ஷீட்ல புதுசா மஞ்சள் ஏறல. பழைய ஷீட்ல சிட்ரிக்குக்குப் பாதி போச்சு, ப்ளீச் நிறையக் குடிச்சது போகல. அதையெல்லாம் ரூம் பாய் மிதியடியாப் போட்டுட்டான்.

உப்புக்காத்து

நம்ம வீட்லயும் தொட்டிக் குழாய்ல ஓட்டை போட்டாச்சு, மிஷின் அடை கரைஞ்சாச்சு. சட்டைப் புள்ளி சிட்ரிக்ல முக்கால்வாசி போச்சு. காலர்ல பிடிவாதமா நின்ன ஒண்ணு ரெண்டுக்கு லாத்தாவோட எலுமிச்சம்பழமும் கல் உப்பும். பாக்கெட் ஓரத்துல ஒண்ணு மட்டும் நிழலாத் தெரியுது, அதை அவன் பேனா மறைச்சுக்கும்.

லாத்தா, கிளிப் நீங்க என்ன வாங்கினீங்க? கொடிக்கு என்ன கட்டினீங்க?

கீழக்கரை லாத்தா

ஸ்பிரிங்கே இல்லாத முழு பிளாஸ்டிக் கிளிப், மேலேருந்து சொருகுறது. வெயில்ல சீக்கிரம் ஒடியும், ஆனா விலை கம்மி. கொடிக்கு நைலான் கயிறு.

பாம்பன்காரன்

கயிறை ஃபேன்சி கடையில வாங்காதீக. வலைச்சாமான் கடையில போட்டுக்கு விக்கிற கயிறு கேளுங்க, கடல்ல கிடந்து பழகினது. பென்சில் மொத்தம் போதும். வெயில்ல நாள்பட்டு கையில தூள் ஒட்ட ஆரம்பிச்சா மாத்திப்புடணும், இல்லைன்னா அந்தத் தூளும் வெள்ளைச் சட்டையிலதேன் வந்து ஒட்டும்.